களைத்துவிட்டேன் என்று சொல்லும் உரிமை

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த மருத்துவ முன்களப் பணியாளர்கள் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும்போதெல்லாம் எங்களில் இரண்டு பேருக்காவது தலை சுற்றும். ஒரு நாள் வந்து போகிற எங்களுக்கே இப்படி. அதே பாதையில் பிரசவ வலியில் துடிக்கும் தாயையும், மூச்சுத் திணறும் முதியவரையும் நடுச்சாமத்தில் கீழே இறக்குகிறவர்கள் நீங்கள்.

இந்தக் கூட்டத்துக்கு என்ன எடுத்துப் போகலாம் என்று அறக்கட்டளையில் கூடிப் பேசினோம். பொன்னாடை என்றார் ஒருவர். கேடயம் என்றார் இன்னொருவர். இரண்டும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே வாசலில் நின்று கை தட்டியது, தட்டைத் தட்டியது. மே 3 அன்று விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. நல்லெண்ணத்தோடு செய்தவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கைத்தட்டல் ஓய்ந்த பிறகு, உங்களில் எத்தனை பேரிடம் யாராவது அருகில் உட்கார்ந்து, "அம்மா, ராத்திரி தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா?" என்று கேட்டார்கள்? அதைக் கேட்கத்தான் இன்று வந்திருக்கிறோம். பெருந்தொற்றுக் காலம் உங்கள் மனதின் மீது ஏற்றிவைத்த பாரத்தைப் பற்றி, உங்கள் முன்னாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னாலும் வெளிப்படையாகப் பேசவேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அதே நாளில்தான் கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் நோயாளி. மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்த அவசரநிலை முடிந்துவிட்டது என்று 2023 மே 5 அன்று அதே நிறுவனம் அறிவித்தது. மூன்றேகால் ஆண்டுகள். தாளில் முடிந்துவிட்டது. உங்கள் மனதுக்குள் முடிந்ததா என்பது வேறு கேள்வி.

இழப்பின் அளவைச் சொல்லிவிடுகிறோம். 2020 ஜனவரி முதல் 2021 மே வரையான காலத்தில் மட்டும் உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் நாட்டில் முதல் அலையில் மட்டும் 748 மருத்துவர்கள் இறந்ததாக இந்திய மருத்துவச் சங்கம் கணக்குச் சொன்னது. பணியில் இருந்து கொரோனாவால் இறக்கும் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் அது உயிர் போனால் கிடைப்பது. உயிரோடு இருந்து தூக்கத்தை இழந்தவருக்கு, பிள்ளையைத் தொடத் தயங்கியவருக்கு, இன்றைக்கும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பவருக்கு எந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறது?

மலையில் இந்தப் பாரம் ஏன் கூடுதல் என்பதைக் கீழே இருந்து வந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசின் விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. கணக்கைப் பார்த்தால் மலையில் வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த 3,000 பேர் நான்கு தெருவுக்குள் அடங்கி இருப்பதில்லை. சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே ஒரு பள்ளம், ஒரு மேடு, ஓர் ஓடை. பேருந்து போகாத இடத்துக்குக் கால்தான் வண்டி. தொலைபேசி சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடி ஏறி நின்று தகவல் சொல்லவேண்டிய இடங்கள் இருக்கின்றன.

பெரிய மருத்துவமனையில் ஒரு செவிலியர் விடுப்பு எடுத்தால் வேறொருவர் அந்த முறைக்கு வருவார். இங்கே ஒரு கிராம சுகாதார செவிலியர் படுத்துவிட்டால் அந்தத் துணை சுகாதார நிலையமே படுத்துவிடுகிறது. அது அவருக்கும் தெரியும். தெரிவதால்தான் அவர் படுப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் காய்ச்சல் முகாம். வீடு வீடாகச் சென்று உடல் வெப்பம் பார்ப்பது, கபசுரக் குடிநீர் கொடுப்பது, வெளியூரிலிருந்து வந்தவர் யார் என்று விசாரிப்பது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் செய்யவேண்டிய வழக்கமான வேலை ஒன்றும் குறையவில்லை. கொரோனா வந்துவிட்டது என்று பிரசவம் தள்ளிப் போகுமா? பச்சிளம் குழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப் போகுமா? பிக்மி பதிவு தள்ளிப் போகுமா? மாலையில் அத்தனைக்கும் கணக்கு எழுதி மேலே அனுப்பவேண்டும். இரவில் தொலைபேசி. பக்கத்து ஊரில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று அழைப்பு. ஆஷா சகோதரிகளின் நிலையும் இதுதான். இந்த வேலைக்காக அவர்களுக்கு மத்திய அரசு அறிவித்த கூடுதல் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

உடல் உழைப்பு ஒருபுறம் இருக்கட்டும். மனதை உடைத்தவை என்று நான்கு காரணங்களைச் சொல்வோம்.

முதலாவது, உறவு தலைகீழானது. இந்த மலையில் நர்சம்மா என்றால் பிரசவம் பார்த்தவர், குழந்தையின் எடை பார்த்துச் சிரித்தவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துப் போனவர். திடீரென்று அதே நர்சம்மா கவச உடையோடு வந்து, "உங்கள் மகன் எப்போது வந்தான்? யாரையெல்லாம் பார்த்தான்?" என்று பெயர்ப் பட்டியல் கேட்கிறார். அவர் சொன்ன தகவலின்பேரில் வாசலில் தகரம் அடிக்கிறார்கள், ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். தாயாக இருந்தவரைக் காவல்காரராக்கிய காலம் அது. விதி போட்டவர்கள் தொலைவில் இருந்தார்கள். கோபத்தை வாங்கியவர் வாசலில் நின்றவர். தொற்று அடங்கிய பிறகும் அவர் அதே வாசலுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

இரண்டாவது, நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம். தனக்கு வந்தால் பரவாயில்லை, மாமியாருக்கு வந்தால்? கைக்குழந்தைக்கு வந்தால்? வாசலிலேயே உடை மாற்றி, கொல்லைப்புறத்தில் குளித்து, தனித் தட்டில் சாப்பிட்டு, தனி அறையில் படுத்தவர்கள் எத்தனையோ பேர். தனி அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது? போர்க்களம் போன வீரன் வீட்டுக்கு வந்தால் பகை பின்னால் வருவதில்லை. இந்தப் பணியில் வேலை முடிந்த பிறகும் பயம் முடியவில்லை.

மூன்றாவது, மனசாட்சியில் விழுந்த காயம். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்ற குரல் எங்கும் கேட்டது. காப்பாற்றியிருக்கலாமே, இன்னும் அரைமணி முன்னால் வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்ற நினைப்பு பணியாளர்களை விடவே இல்லை. செய்யத் தெரிந்தும் செய்ய வழியில்லாமல் நிற்கும் மனிதனின் மனதில் விழும் இந்தக் காயத்தைப் பற்றி மருத்துவர்கள் முதலில் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம்தான் ஆராய்ந்தார்கள். பெருந்தொற்றில் அது மருத்துவமனைகளுக்குள் வந்தது. பற்றாக்குறை அமைப்பினுடையது. குற்ற உணர்வு மட்டும் கட்டிலருகே நின்றவருக்கு.

நான்காவது, ஒதுக்கிவைத்தது. இதைத்தான் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவரை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் கல்லறைக்குக் கொண்டுபோனபோது எதிர்ப்பு. அங்கிருந்து வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, உடன் வந்தவர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு, நள்ளிரவு வேளையில் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். ஓர் ஊருக்கே மருத்துவம் பார்த்தவருக்கு ஆறடி மண் கிடைக்க இவ்வளவு பாடு.

அதன்பின் சட்டங்கள் வந்தன. ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளருக்குக் கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை. தொற்றால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்குத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசும் அதே மாதம் கொண்டுவந்தது. சட்டம் கல்லைத் தடுக்கும். வாடகை வீட்டுக்காரர் "காலி செய்துகொள்ளுங்கள்" என்று சொன்னதை எந்தச் சட்டம் தடுக்கும்? குழாயடியில் நர்சம்மாவைக் கண்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகியதை எந்தச் சட்டம் தடுக்கும்?

சைமன் ஹெர்குலிஸின் செய்தியைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்கு அது ஒரு துயரச் செய்தி. கவச உடைக்குள் நின்றபடி கேட்ட பணியாளருக்கு அது வேறு செய்தி. "நாளை நான் இறந்தால் எனக்கும் இதுதானா?" என்ற கேள்வியோடு அவர் அடுத்த நோயாளியிடம் போனார்.

இந்த வலியின் இன்னொரு பக்கம் எங்கள் சமுதாயத்துக்கு நன்றாகத் தெரியும். 2020 ஏப்ரலில் டெல்லி மாநாட்டுக்குச் சென்று வந்தவர்களைக் காரணம் காட்டி, நோயைப் பரப்புகிறவர்கள் என்று ஒரு சமுதாயத்தையே சுட்டிப் பேசினார்கள். காய்கறி விற்கப் போனவரிடம் பெயர் கேட்டார்கள். அந்த மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டினர் மீது போடப்பட்ட வழக்குகளை 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்தது. அவர்கள் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் நீதிமன்றம் பதிவுசெய்தது. ஆகவே, நோயையும் மனிதனையும் ஒன்றாக்கிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்ல எங்களுக்குக் கடமை இருக்கிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தூரில், வதந்தியை நம்பிப் பயந்துபோன மக்கள், பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழுவைக் கல்லால் அடித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த இரண்டு பெண் மருத்துவர்களில் ஒருவர் முஸ்லிம். காயம் ஆறும் முன்பே மறுநாள் இருவரும் அதே பகுதியில் வேலைக்கு வந்து நின்றார்கள். அந்தத் துணிவைப் பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. துணிந்து திரும்பி வந்தவருக்கும் இரவில் கனவு வரும்.

எங்கள் இளைஞர்களும் இந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை, தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் சாதி மதம் பாராமல், அவரவர் முறைப்படி, தமிழகமெங்கும் அடக்கம் செய்தார்கள், தகனம் செய்தார்கள். அது பெரிய ஸவாபு என்று நாம் பாராட்டினோம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று கதறிய மகளின் முகம் அந்த இளைஞனின் கண்ணில் இன்னும் நிற்கிறதா என்று கேட்க மறந்துவிடக்கூடாது.

தடுப்பூசிக் காலம் மற்றொரு சோதனை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியது. முதலில் போட்டுக்கொண்டவர்கள் மருத்துவப் பணியாளர்கள். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் இறந்தார். அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பிறகு சொன்னது. ஆனால் வதந்தி அதுவரை காத்திருக்குமா? தமிழகத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன செவிலியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசலிலும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். "எங்களைக் கொல்ல வந்தாயா?" என்று கேட்டவரிடம் கோபப்படாமல் பேசி, மறுநாள் மீண்டும் போய், மூன்றாம் நாள் ஊசி போட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தப் பொறுமை ஊற்றுநீர் அல்ல. தொட்டி நீர். எடுக்க எடுக்கக் குறையும்.

பொறுமை தீர்ந்துபோவதற்கு மருத்துவம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. தமிழில் பணிச்சோர்வு என்கிறோம். 1974-ல் நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். சேவை மனத்தோடு ஓடியோடி உழைத்தவர்களே முதலில் எரிந்து தீர்வதை அவர் தம் கண்ணால் கண்டார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில், நோய் என்று சொல்லாமல், பணி சார்ந்த நிலை என்று இதற்கு இடம் கொடுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள். எவ்வளவு படுத்தாலும் தீராத களைப்பு. வேலையின் மீதும் நோயாளி மீதும் ஒரு வெறுப்பு, ஒரு விலகல். நான் செய்வதில் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம்.

இவற்றோடு உடலும் பேசும். தலைவலி, முதுகுவலி, வயிற்று எரிச்சல், காரணமில்லாத படபடப்பு, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, எல்லோரோடும் இருக்கும்போதும் தனியாக இருப்பதுபோல் இருப்பது. "முன்பெல்லாம் ஒரு சாவைப் பார்த்தால் அழுவேன், இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடாதீர்கள். அளவுக்கு மேல் பார்த்த மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட தாழ்ப்பாள் அது.

இந்த நிலை படிப்பில்லாதவர்களுக்கு, பயந்தவர்களுக்கு, ஈமான் குறைந்தவர்களுக்கு மட்டும் வரும் என்று எண்ணுவதும் தவறு. நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தலைமை வகித்த லோர்னா பிரீன் என்ற மருத்துவர், கொரோனாவிலிருந்து தேறி வந்து ஓய்வின்றிப் பணியாற்றிய பிறகு, 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி பெற்றது தெரிந்தால் மருத்துவர் உரிமமே போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மருத்துவப் பணியாளரின் மனநலத்தைக் காக்க அவர் பெயரிலேயே ஒரு சட்டம் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் நிறைவேறியது. உலகின் செல்வம் மிக்க நகரத்தில் இருந்த தலைமை மருத்துவருக்கே உதவி கேட்க அச்சம் என்றால், மலையில் தனியாக நிற்கும் நம் சகோதரிக்கு எவ்வளவு இருக்கும்?

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான கருத்து. புகழுரை ஒருவரின் வாயைக் கட்டிவிடும். "நீங்கள் தெய்வம், நீங்கள் தியாகி" என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், "எனக்கு முடியவில்லை" என்று அவர் எப்படிச் சொல்வார்? தியாகி களைக்கலாமா? தெய்வத்துக்குத் தூக்கம் உண்டா? மேடையில் தூக்கி வைத்துவிட்டு, இறங்கிவரும் படியை எடுத்துவிடுகிறோம். புகழ்வது இலவசம். ஓய்வு கொடுப்பதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியமர்த்தப்பட்ட சுமார் 2,400 செவிலியர்களின் பணி, 2022 டிசம்பர் 31-க்கு மேல் நீட்டிக்கப்படவில்லை. பூத்தூவப்பட்டவர்கள் புத்தாண்டில் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். மாற்றுப் பணி தருவதாகப் பிறகு அரசு சொன்னது. ஆனால் அந்த நாட்களில் அவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

ஓய்வு என்பது சலுகை அல்ல. ஏழெட்டு மாதங்களாக இடைவிடாமல் பணிபுரியும் மருத்துவர்களுக்கு ஓய்வு கொடுக்க வழி காணுங்கள், இது அவர்களின் மனநலத்தைப் பாதிக்கும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. நீதிமன்றம் சொன்ன பிறகுதானா நமக்குத் தெரியவேண்டும்?

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில் பணியாளர்களுக்குச் சொல்கிறோம். உங்கள் களைப்பைச் சக பணியாளர் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஒருவருக்கொருவர் துணையாக இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், வேலைக் கணக்கைத் தவிர்த்து, நலம் மட்டும் விசாரியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் தாமதிக்கவே கூடாது, அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். கீழே இறங்க நேரமில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இலவசச் சேவை இது. எந்த நேரமும் தமிழில் பேசலாம். மற்றவர்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் நீங்கள். உங்களுக்காகவும் ஒரு முறை அழுத்துங்கள்.

அடுத்து, ஊர்ப் பெரியவர்களுக்கும் பொதுமக்களுக்கும். உளவியல் முதலுதவி என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய மருத்துவப் படிப்பு வேண்டாம். பார்ப்பது, கேட்பது, இணைப்பது என்று மூன்றே வேலை. நர்சம்மா முகம் வாடியிருப்பதைப் பாருங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அவருக்கு எது தேவையோ அதற்கு உரியவரோடு இணைத்துவிடுங்கள். அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். விருப்பமில்லாதவரைப் பழையதைச் சொல்ல வைப்பது ஆறிவரும் புண்ணைக் கிளறுவதாகும். "எப்போது பேசத் தோன்றினாலும் நாங்கள் இருக்கிறோம்" என்பது போதும். இரவு 11 மணிக்கு அவசரமில்லாத ஒன்றுக்குத் தொலைபேசியில் அழைக்காமல் இருப்பதும் உதவிதான். சோளக்காடு சந்தையில் அவரைக் கண்டால், மாத்திரை கேட்பதற்கு முன்னால், "நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். மலைப்பணியில் இருப்பவர் விடுப்பு எடுக்கும்போது அந்த இடத்துக்கு மாற்று ஆள் யார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை ஊசி, எத்தனை பிரசவம் என்று கேட்பதற்கு முன், பத்து நிமிடம் அவர்களின் நலம் கேளுங்கள். மனநல உதவி கேட்டவரின் பெயர் வெளியே தெரியாது என்ற உறுதியைக் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்கிறது. அந்த உரிமை ஒப்பந்தப் பணியாளர் வரை வந்துசேர வேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பொறுப்பு. ரமலானில் அரிசி மூட்டையும் வேட்டி சேலையும் கொண்டுவந்தால் போதும் என்று நிற்காமல், மலைப்பணியாளர்களின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க உதவுவது, ஆண்டுக்கு இரண்டு முறை மனநல மருத்துவர் ஒருவரை இங்கே அழைத்துவந்து, பொதுமுகாமோடு கலக்காமல், உங்களுக்கென்று தனியே அமர வைப்பது, துணை சுகாதார நிலையங்களில் ஓய்வு அறைக்கு வேண்டிய கட்டிலும் மின்விசிறியும் வாங்கித் தருவது. இந்த மூன்றையும் இன்ஷா அல்லாஹ் இந்த ஆண்டே தொடங்குகிறோம். வேறு என்ன தேவை என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அதற்காகவே இன்று மதியம் உணவுக்குப் பிறகு உரை எதுவும் வைக்கவில்லை. எங்கள் சகோதரிகள் பெண்களோடும், நாங்கள் ஓட்டுநர்களோடும் மற்ற ஆண் பணியாளர்களோடும் உட்காருவோம். பெயர் எழுதமாட்டோம், படம் எடுக்கமாட்டோம். பேச விருப்பமுள்ளவர்கள் பேசலாம். விருப்பமில்லாதவர்கள் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் கொஞ்ச நேரம் படுத்துத் தூங்கிவிட்டுப் போகலாம். எழுப்பமாட்டோம்.